செக்கில் யார் பெயர்? சுசேதா தலாலின் மூன்று புத்தகங்கள்: எதை வாங்கலாம், எப்படிப் படிக்கலாம்

'ஸ்கேம் 1992' தொடரைப் பார்த்து முடித்த கையோடு அதன் மூல நூலை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோக வாய்ப்பு அதிகம். 2020 அக்டோபரில் சோனி லிவ்வில் வந்த அந்தப் பத்துப் பாகத் தொடருக்கு, 1992 பங்குச்சந்தை ஊழலில் சிக்கிய தரகர் ஹர்ஷத் மேத்தாதான் கதாநாயகன். நிதிச் செய்தியாளர்கள் சுசேதா தலாலும் தேபாஷிஸ் பாசுவும் சேர்ந்து எழுதி 1993ல் வெளிவந்த 'தி ஸ்கேம்' நூலில் ஹர்ஷத் பல பேரில் ஒருவர், அவ்வளவுதான். அங்கே கதையை இழுத்துச் செல்வது ஒரு துண்டுக் காகிதம். பெயர் பேங்க் ரிசீப்ட். சந்தைக்காரர்கள் வாயில் 'பி.ஆர்.' அது என்னவென்று தெரியாமல் புத்தகத்தைத் திறந்தால் சீக்கிரமே கண் சொருகும். தெரிந்துகொண்டு திறந்தால் கீழே வைக்க மனம் வராது.

எனவே இந்த மதிப்புரையில் பாதி, நூலைத் திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை.

முதலில் எழுதியவரைப் பற்றி. தார்வாடில் புள்ளியியல் பட்டம், பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம். இந்த இரண்டு படிப்பும் அவர் எழுத்தில் அப்படியே தெரிகின்றன. எண்ணைப் பார்த்து மிரள்வதில்லை. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நகர்வதுமில்லை. 1984ல் ஒரு முதலீட்டு இதழில் தொடங்கி, பிசினஸ் ஸ்டாண்டர்ட், எகனாமிக் டைம்ஸ் வழியாக டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு வந்தார். அங்கே நிதிப் பிரிவு ஆசிரியராக 1998 வரை இருந்தார். அதன்பின் சுமார் பத்தாண்டு இந்தியன் எக்ஸ்பிரஸ் குழுமத்தில் ஆலோசனை ஆசிரியர். 2006ல் பத்மஸ்ரீ. அதே ஆண்டில் 'மணிலைஃப்' இதழ் தொடங்கியது; 2010ல் அதன் பெயரிலேயே முதலீட்டாளர்களுக்கான அறக்கட்டளை.

இந்த நீண்ட பட்டியலில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஒரே ஒரு தேதி: 1992 ஏப்ரல் 23. 'பிக் புல்' என்று சந்தையில் பெயர் எடுத்த தரகர் ஒருவர் (ஹர்ஷத்தான்) சுமார் 500 கோடி ரூபாயைத் திருப்பிக் கட்ட வேண்டுமென்று பாரத ஸ்டேட் வங்கி கேட்டிருக்கிறது என்று டைம்ஸ் ஆஃப் இந்தியாவில் செய்தி வந்த நாள். முந்தைய நாள்தான் சென்செக்ஸ் 4,467ல் முடிந்து உச்சம் தொட்டிருந்தது. ஓராண்டுக்கு முன், 1991 ஏப்ரலில், அது 1,300க்கும் கீழே. சிமென்ட் நிறுவனமான ஏ.சி.சி.யின் பங்கு சில நூறு ரூபாயிலிருந்து பத்தாயிரம் வரை போயிருந்தது. நாடே விலையைப் பார்த்து வாய் பிளந்துகொண்டிருந்தபோது, 'வாங்கக் காசு எங்கிருந்து வருகிறது' என்று கேட்டதுதான் இவருடைய வேலை. அந்தக் கேள்விக்குப் பதில் பங்குச்சந்தையில் கிடைக்காது. பங்கோடு சம்பந்தமே இல்லாத அரசுக் கடன்பத்திரச் சந்தையில்தான் கிடைக்கும். 'தி ஸ்கேம்' நூலின் கனமான பகுதி முழுக்க அங்கேதான் நடக்கிறது. தொடரைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் திணறுவதும் அங்கேதான்.

அந்தச் சந்தையை ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவோம்.

அப்போது வங்கிகள் தங்களிடம் சேரும் டெபாசிட்டில் 38.5 சதவீதம் வரை அரசுக் கடன்பத்திரம் போன்றவற்றில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரிசர்வ் வங்கியிடம் ரொக்கமாக வைக்க வேண்டியது தனி. இந்தக் கணக்கைக் குறிப்பிட்ட வெள்ளிக்கிழமைகளில் காட்டியாக வேண்டும். ஒரு வங்கியிடம் பத்திரம் குறையும், இன்னொன்றிடம் மிஞ்சும். மிஞ்சுகிறவர், பத்திரத்தை இன்று விற்று, பதினைந்து நாளில் கொஞ்சம் கூடுதல் விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகப் பேசுவார். இதற்குப் பெயர் ரெடி ஃபார்வர்டு. பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். நகையை அடகு வைப்பதும் இதுவும் ஒன்றுதான், இங்கே அடகை விற்பனை என்று எழுதிக்கொள்கிறார்கள். விலை வித்தியாசம்தான் வட்டி.

அடகுக் கடையில் நகையைக் கையில் வாங்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. இங்கே கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் பத்திரத்தைக் கை மாற்றுவது தொல்லை என்பதால், 'பத்திரம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, பணம் வாங்கிக்கொண்டேன், பிறகு ஒப்படைக்கிறேன்' என்று விற்கும் வங்கி ஒரு சீட்டு எழுதித் தரும். அதுதான் பி.ஆர். சீட்டை எழுதும் வங்கியிடம் உண்மையில் பத்திரம் இருக்கிறதா என்று யாரும் திறந்து பார்க்கவில்லை. பேங்க் ஆஃப் கராட், மெட்ரோபாலிட்டன் கூட்டுறவு வங்கி ஆகிய இரண்டும் இப்படிப் பத்திரமே இல்லாமல் தரகர்களுக்காகச் சீட்டு எழுதித் தள்ளின. எழுதிய தொகைக்கும் அந்த வங்கிகளின் அளவுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

இது ஒரு ஓட்டை. இரண்டாவது ஓட்டை செக்கில். ஒரு வங்கி இன்னொரு வங்கியின் பெயருக்கு செக் எழுதும். பணம் போய்ச் சேருவதோ தரகரின் கணக்கில். 'வழக்கமாக நடப்பதுதானே' என்று பெற்றுக்கொண்ட வங்கியே தரகரின் கணக்கில் வரவு வைத்துவிடும். செக்கைக் கொடுத்தவரிடம் கேட்டால், 'நான் வங்கியின் பெயருக்குத்தானே எழுதினேன்' என்பார். நேஷனல் ஹவுசிங் பேங்குக்கும் வெளிநாட்டு வங்கியான ஏ.என்.இசட். கிரிண்ட்லேஸுக்கும் இடையே இந்த ஒரே கேள்வியில், சுமார் 500 கோடி ரூபாய்க்கு நடந்த வழக்கு 2002ல்தான் ஓய்ந்தது.

மூன்றாவது ஓட்டை, ரிசர்வ் வங்கியின் கடன்பத்திர அலுவலகம். யாரிடம் எவ்வளவு அரசுப் பத்திரம் என்ற பேரேடு அங்கேதான் இருந்தது, கையால் எழுதப்பட்டு. பதிவு தாமதமாகும். வங்கி தன் புத்தகத்தையும் அந்தப் பேரேட்டையும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும், ஒப்பிடுவதுதான் நடக்கவில்லை. ஸ்டேட் வங்கியில் கடைசியில் அதைச் செய்தபோதுதான் சுமார் 500 கோடி துண்டு விழுந்தது தெரிந்தது.

இப்போது நூலைத் திறக்கலாம். திறக்கும் முன் ஒரு நோட்டில் நான்கு பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: பணம் கொடுத்தது யார், செக்கில் எழுதிய பெயர் யாருடையது, பணம் விழுந்த கணக்கு யாருடையது, பத்திரம் எங்கே. நூலில் வரும் ஒவ்வொரு பெரிய பரிவர்த்தனையையும் இந்த நான்கில் நிரப்பிக்கொண்டே போனால் எவ்வளவு பெயர் வந்தாலும் குழப்பம் வராது. முதல் மூன்றும் எப்படியோ நிரம்பிவிடும். நான்காவது பத்தி காலியாகவே கிடக்கும்; அல்லது அதில் 'பி.ஆர்.' என்று இரண்டு எழுத்து மட்டும் இருக்கும். பணம் அதற்குள் பம்பாய்ப் பங்குச்சந்தை இருக்கும் தலால் தெருவுக்குப் போய்ப் பங்காக மாறியிருக்கும். பதினைந்து நாள் முடியும்போது அதை அடைக்க இன்னொரு வங்கியிடம் இதே மாதிரி இன்னொரு ரெடி ஃபார்வர்டு. பங்கு விலை ஏறிக்கொண்டே இருக்கும்வரை சக்கரம் சுற்றும். விலை நின்றாலோ, யாராவது பேரேட்டைப் புரட்டினாலோ, அன்றைக்கே அச்சு முறியும்.

நூலின் பலம், இந்த ஓட்டைகளை 'ஒரு கில்லாடி கண்டுபிடித்த வித்தை' என்று காட்டாமல், பலருக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்த பழக்கம் என்று காட்டுவது. பி.ஆர். பயன்பாட்டில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி ரிசர்வ் வங்கி 1991 ஜூலை 26லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருந்தது. செய்தி வெடித்தது அதற்கு ஒன்பது மாதம் கழித்து. பொதுத்துறை நிறுவனங்கள் தங்கள் உபரிப் பணத்தை முதலீட்டு நிர்வாகத் திட்டம் என்ற பெயரில் வங்கிகளிடம் கொடுத்ததும், உறுதியான வருமானம் தரக்கூடாது என்ற விதி இருந்தும் வங்கிகள் உறுதி கொடுத்ததும் இதன் இன்னொரு கால்வாய். அந்தப் பணமும் இதே குளத்தில்தான் வந்து விழுந்தது. நூலின் துணைத்தலைப்பைத் தமிழில் சொன்னால் 'யார் வென்றார்கள், யார் தோற்றார்கள், யார் தப்பித்தார்கள்' என்று வரும். மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. ஹர்ஷத் மீது மட்டும் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்த நேரத்தில் வெளிநாட்டு வங்கிகளையும் மற்றத் தரகர்களையும் அதே மேசைக்கு இழுத்துவந்து உட்காரவைத்தது சாதாரணத் துணிச்சல் இல்லை.

தமிழ் வாசகருக்கு இன்னொரு கொக்கியும் உண்டு. இந்த ஊழல் மும்பையோடு நிற்கவில்லை. ஊழலில் பெயர் அடிபட்ட பெங்களூரு நிதி நிறுவனமான ஃபேர்குரோத்தின் பங்குகளில் முதலீடு செய்திருந்த விவகாரத்தில்தான் 1992 ஜூலையில் ப. சிதம்பரம் மத்திய வர்த்தகத் துறை இணையமைச்சர் பதவியிலிருந்து விலகினார்.

குறைகளும் உண்டு, சின்னவை அல்ல. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் எழுதியது என்பதால் செய்தியாளரின் அவசரம் தெரிகிறது. ஒரு வங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கையில் அடுத்த வங்கி, அடுத்த தரகர், அடுத்த குழு. ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் எறும்பு வரிசை மாதிரி வரும். எண்களுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லை. மொத்த இழப்பு எவ்வளவு என்று தேடுகிறவர் ஜானகிராமன் குழுவின் மதிப்பீட்டை, சுமார் 4,025 கோடி, மனதில் நிறுத்திக்கொள்வது நல்லது. ரிசர்வ் வங்கி 1992 ஏப்ரல் கடைசியில் அமைத்த குழு அது. ராம் நிவாஸ் மிர்தா தலைமையிலான நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கை தந்தது 1993 டிசம்பரில். அதற்கு முன்பே எழுதியவற்றில் தீர்ப்பு என்று ஒன்று இருக்க முடியாது. மாருதி உத்யோக் பணம் சம்பந்தப்பட்ட வழக்கில் 1999ல் ஹர்ஷத்துக்கு ஐந்தாண்டு தண்டனை கிடைத்தது. 2001 டிசம்பர் 31ல் காவலில் இருக்கும்போதே இறந்தார். 2003ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. பழைய பதிப்பை மட்டும் படிக்கிறவர் இவற்றைத் தாமே கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

இந்த மோசடியை இன்று அப்படியே செய்ய முடியுமா? முடியாது. 1995ல் அரசுப் பத்திரத்துக்குப் பணமும் பத்திரமும் ஒரே நேரத்தில் கைமாறும் முறை வந்தது. 1996ல் டெபாசிட்டரிச் சட்டம் வந்து பங்குகள் காகிதத்திலிருந்து டீமேட் என்ற மின்னணுக் கணக்குக்குப் போயின. 2002ல், பரிவர்த்தனைகளை நடுவில் நின்று தீர்த்துவைக்கும் கிளியரிங் கார்ப்பரேஷன் வேலையைத் தொடங்கியது. பி.ஆர். இப்போது அருங்காட்சியகப் பொருள்.

ஆனால் காகிதம் மாறினாலும் பழக்கம் மாறவில்லை என்பதற்கு அடுத்த பத்தாண்டே சாட்சி. அதனால்தான் எந்தப் பதிப்பை வாங்குகிறோம் என்பது முக்கியம். பின்னால் வந்த விரிவாக்கிய பதிப்பின் அட்டையில் துணைத்தலைப்பு மாறியிருக்கும்: ஹர்ஷத் மேத்தா முதல் கேத்தன் பாரேக் வரை. நாடாளுமன்றக் குழுவின் தோல்வியும் குளோபல் டிரஸ்ட் பேங்க் கதையும் அதில் சேர்ந்திருக்கின்றன. கேத்தன் பாரேக் இன்னொரு தரகர். அவர் விவகாரத்தில் பி.ஆருக்குப் பதில் பே ஆர்டர், அதாவது பணத்துக்கு வங்கியே பொறுப்பேற்று எழுதித் தரும் சீட்டு. அகமதாபாத் மாதவ்புரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி, கையில் பணம் இல்லாமலே பே ஆர்டர் எழுதிக் கொடுத்தது. பேங்க் ஆஃப் இந்தியா அவற்றை வாங்கிக்கொண்டு பணம் தந்தது. 2001 மார்ச்சில் சுமார் 137 கோடி ரூபாய் பே ஆர்டர்கள் திரும்பி வந்தபோது கூட்டுறவு வங்கியில் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுபடியும் ஒரு சின்ன வங்கி, மறுபடியும் பின்னால் எதுவும் இல்லாத சீட்டு. நோட்டில் போட்ட அதே நான்கு பத்தி இதற்கும் பொருந்தும். பழைய பதிப்பு பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் ஞாபகத்துக்கு வாங்கி வைக்கலாம். படிக்க விரிவாக்கிய பதிப்புதான்.

இரண்டாவது முக்கியமான நூல் 2021ல் வந்த 'அப்சல்யூட் பவர்'. தேசியப் பங்குச்சந்தை, அதாவது என்.எஸ்.இ., எப்படி வளர்ந்தது, எப்படித் தடம் புரண்டது என்பது பொருள். முதல் நூலைப் படித்த சூட்டோடு இதை எடுத்தால்தான் இரண்டும் ஒரே கதை என்று புரியும். தேசிய அளவில் புதிய சந்தை ஒன்று வேண்டும் என்று 1991ல் பரிந்துரைத்த குழுவுக்குத் தலைவர் எம்.ஜே. பெர்வானி. நேஷனல் ஹவுசிங் பேங்கின் தலைவராக இருந்த அவர், ஊழல் வெடித்த சில வாரங்களில், 1992 மே மாதம் இறந்துபோனார். அவர் பரிந்துரைத்த சந்தை அதே ஆண்டு நவம்பரில் நிறுவனமாகப் பதிவானது. 1994 நவம்பரில் பங்கு வர்த்தகம் தொடங்கி, ஏறத்தாழ ஒரே ஆண்டில் பம்பாய்ப் பங்குச்சந்தையை முந்தியது. கத்திக் கூப்பிட்டு வியாபாரம் செய்த தரகர் கூட்டத்தை செயற்கைக்கோள் வழியாகத் திரைக்கு மாற்றிய சந்தை அது. சென்னை, கோவைத் தரகர் மும்பைத் தரகருக்குச் சமமாக அதே விலையைப் பார்க்க முடிந்தது அதனால்தான். நூல் இந்தச் சாதனையைக் குறைத்துப் பேசுவதில்லை. நீண்ட துணைத்தலைப்பே சாதனையில் தொடங்கி, ஆணவம், கட்டுப்பாட்டாளரையே கைக்குள் போட்டுக்கொள்வது என்று இறங்கி, அல்கோ (மென்பொருளே வாங்கி விற்கும் வர்த்தகம்) மோசடியில் முடிகிறது.

சமமாகப் பார்ப்பது என்ற அந்த அடிப்படையே எங்கே உடைந்தது என்பதுதான் நூலின் நடுக்கட்டு. தொழில்நுட்பம் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

2010 முதல் என்.எஸ்.இ. தன் சர்வர்களுக்குப் பக்கத்திலேயே தரகர்கள் தங்கள் கணினியை வைத்துக்கொள்ள இடம் வாடகைக்கு விட்டது. கோ-லொகேஷன் என்பது அதுதான். கம்பியின் நீளம் குறைந்தால் விலைத் தகவல் வந்துசேரும் நேரம் குறையும். கூடுதல் கட்டணம் கட்டியவருக்கு வேகம், இதில் தவறில்லை. தகவலை அனுப்பிய முறையில்தான் சிக்கல். ஒவ்வொரு ஆர்டரும் உடனுக்குடன் தெரியும் டிக்-பை-டிக் தகவல், டி.சி.பி. முறையில், ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனது. ரேஷன் கடை வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். கதவு திறந்ததும் முதலில் உள்ளே நுழைந்தவருக்கு முதலில் கிடைக்கும். அன்று முழுக்க அதே வரிசை. கடைசி ஆளுக்குப் போய்ச் சேரும்போது முதல் ஆள் ஆர்டரே போட்டு முடித்திருப்பார். வித்தியாசம் ஒரு வினாடியில் மிகச் சிறிய துண்டுதான், ஆனால் வாங்குவதும் விற்பதும் மென்பொருள். அதற்கு அந்தத் துண்டு தாராளம்.

எனவே எந்த சர்வர் காலையில் முதலில் எழும், எதில் கூட்டம் குறைவு என்று தெரிந்தவருக்கு லாபம். முதன்மை சர்வர் படுத்தால் மட்டும் பயன்படுத்த வேண்டிய மாற்று சர்வரில் கூட்டமே இருக்காது. அதில் ஒரு தரகு நிறுவனம் திரும்பத் திரும்ப நுழைந்ததும் பின்னால் விசாரணையில் பெரிய விஷயமானது. வரிசையைக் கலைத்துப் போடும் ஏற்பாடும், சுமையைச் சமமாகப் பிரிக்கும் ஏற்பாடும் சரியாக இல்லை. 2014ல் மல்டிகாஸ்ட் முறைக்கு மாறியபோது ரேஷன் வரிசை போய், கோயில் திருவிழாக் கூம்பு ஒலிபெருக்கி வந்தது. எல்லோர் காதிலும் ஒரே நேரத்தில் விழும்.

இந்தப் பகுதியை எழுதிய விதம்தான் நூலின் ஆகச் சிறந்த பகுதி. 1992ல் பத்திரம் எங்கே என்று கேட்டவர், இருபது ஆண்டு கழித்து, தகவல் எந்த வரிசையில் போகிறது என்று கேட்கிறார். இரண்டிலும் விலையைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. விலைக்கு அடியில் ஓடும் குழாயைத்தான் தட்டிப் பார்க்கிறார். சந்தைச் செய்தி எழுத வருகிற இளைஞர்கள் இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டாலே புத்தக விலை தேறிவிடும்.

விஷயம் வெளிவந்தது 2015ல். பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபிக்கு ஒருவர் புனைபெயரில் எழுதிய கடிதத்தின் நகல் சுசேதாவுக்கும் வந்தது. ஜனவரியில் வந்த கடிதம் ஜூன் 19 வாக்கில்தான் மணிலைஃபில் செய்தியானது. நடுவில் சந்தையின் மேலிடத்திடம் விளக்கம் கேட்கப்பட்டது, பதில் வரவில்லை. என்.எஸ்.இ. பம்பாய் உயர் நீதிமன்றத்தில் 100 கோடி ரூபாய் அவதூறு வழக்குப் போட்டது. 2015 செப்டம்பர் 9ல் நீதிபதி கௌதம் படேல் தடை உத்தரவு தர மறுத்ததோடு, வழக்குப் போட்டவர் மீதே 50 லட்சம் செலவுத்தொகை விதித்தார். சுசேதாவுக்கும் தேபாஷிஸ் பாசுவுக்கும் தலா ஒன்றரை லட்சம். மீதி 47 லட்சம் டாடா மெமோரியல், மசினா ஆகிய இரண்டு மருத்துவமனைகளுக்கு. கேள்வி கேட்டுப் பதில் வராததை ஆவணமாக வைத்திருந்தது எவ்வளவு காப்பாற்றியது என்பதை அந்தத் தீர்ப்பைப் படித்தால் தெரியும். சிறிய ஊடகம் நடத்துகிறவர்கள், விளக்கம் கேட்டு அனுப்பிய மின்னஞ்சலையும் குறுஞ்செய்தியையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இதனாலேயே இரண்டாவது நூலை ஒரு எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது. முதல் நூலில் ஆசிரியர் பார்வையாளர். இதில் அவரே வழக்கின் எதிர்வாதி. கதைக்குள் ஒரு பாத்திரம். கோபம் நியாயமானதாக இருக்கலாம், ஆனால் அது பக்கங்களில் கசிகிறது. சில இடங்களில் ஒரே குற்றச்சாட்டு வெவ்வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்ப வருகிறது. செபியையும் நிதி அமைச்சகத்தையும் பற்றிய பகுதிகளை, அதிகாரிகள் யார் யார், எப்போது எந்தப் பதவியில் என்ற ஓர் அட்டவணை இல்லாமல் பின்தொடர்வது சிரமம். வாசகரே ஒன்று தயாரித்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று, இந்த விவகாரத்தில் வந்த உத்தரவுகள்; முதலாவது நூலுக்கு முன், மற்றவை நூல் வந்த பிறகு. 2019 ஏப்ரல் 30ல் செபி, என்.எஸ்.இ. 624.89 கோடி ரூபாயை 12 சதவீத வட்டியோடு கட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2022 பிப்ரவரியில், முன்னாள் நிர்வாக இயக்குநர் சித்ரா ராமகிருஷ்ணா, சந்தையின் ரகசியத் தகவல்களை 'இமயமலை யோகி' என்று சொல்லப்பட்ட ஒருவருக்கு மின்னஞ்சலில் அனுப்பியதாகச் சொல்லி 3 கோடி அபராதம் விதித்தது. அந்த யோகி விவகாரம் நாடு முழுக்கச் சிரிப்பாகச் சிரித்தபோது, நூலை முன்பே படித்தவர்கள் மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 2023 ஜனவரியில் பங்கு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த 624.89 கோடி உத்தரவை ரத்து செய்து, கவனக்குறைவுக்காக 100 கோடி மட்டும் கட்டச் சொன்னது. 2024 செப்டம்பரில் செபியே, தரகு நிறுவனத்தோடு கூட்டுச்சதி செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துக்கொண்டது. ஆகவே துணைத்தலைப்பில் இருக்கும் 'மோசடி' என்ற சொல்லைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல், ஆசிரியர் தரப்பு வாதமாக எடுத்துக்கொள்வது நியாயம். வரிசை சமமாக இல்லை என்பதில் மட்டும் யாருக்கும் பெரிய தகராறு இல்லை. தெரிந்தே செய்தார்களா என்பதில்தான்.

மூன்றாவது நூலைப் பலர் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். 2000த்தில் வந்த ஏ.டி. ஷ்ராஃபின் வாழ்க்கை வரலாறு. 1944ல் தொழிலதிபர்கள் முன்வைத்த பொருளாதாரத் திட்டமான பம்பாய்த் திட்டத்தில் கையெழுத்திட்ட எட்டுப் பேரில் ஒருவர். அதே ஆண்டு, உலக வங்கிக்கு வித்திட்ட பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டுக்குப் போனவர். 1956ல் சுதந்திரத் தொழில் மன்றத்தைத் தொடங்கியவர். ஊழல், துரத்தல் எதுவும் இல்லாத நூல். தலாலின் நடைக்கு எதிரி இல்லாதபோது கொஞ்சம் சோர்ந்துவிடுகிறது. நேரு காலப் பொருளாதாரத்தை எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ள நினைக்கிறவருக்கு உதவும். மற்றவர்கள் நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்குகிறவர்களுக்கு. வங்கியில் வேலை பார்க்கிறவர்கள், கணக்குத் தணிக்கையாளர்கள், சி.ஏ. படிக்கிறவர்கள் 'தி ஸ்கேம்' விரிவாக்கிய பதிப்பிலிருந்து தொடங்கலாம். கையில் ஜானகிராமன் குழு அறிக்கையும் இருந்தால் எண்களைச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். டிரேடிங் செய்கிறவர்கள், அல்கோ எழுதுகிறவர்கள் 'அப்சல்யூட் பவர்' நூலின் கோ-லொகேஷன் பகுதியை முதலில் படித்துவிட்டுப் பிறகு முன்பக்கம் போனாலும் குற்றமில்லை. எந்தப் பங்கை வாங்கலாம் என்று குறிப்பு தேடுகிறவர்களுக்கு இரண்டிலும் ஒன்றும் கிடைக்காது. ஆங்கிலம் கடினமில்லை, கலைச்சொல்தான் கடினம். தமிழில் படிக்க நினைத்துக் கடையில் கேட்கிறவர்கள், தொடரின் கதைச் சுருக்கத்தை அட்டை மாற்றி விற்கும் சின்னப் புத்தகங்கள் எதையாவது கையில் திணித்தால், முதல் சில பக்கங்களில் 'பேங்க் ரிசீப்ட்' என்ற சொல் வருகிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.